சிபைத்தானில் பங்களிப்பது எப்படி? தன்னார்வலர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பைத்தான் என்ற பெயரில் நாம் தரவிறக்கி நிறுவிக்கொள்ளும் மென்பொருளின் முறையான பெயர் சிபைத்தான். சி மொழியிலும் பைத்தானிலும் எழுதப்பட்ட அதன் மூலநிரல் முழுவதும் 2017 பிப்ரவரி முதல் கிட்ஹப் தளத்தில் உள்ளது. அதுவரை வேறொரு தளத்தில் இருந்த வழுப்பதிவுகளும் (மென்பொருளின் பிழைகளைப் பற்றிய முறையீடுகள்) 2022 ஏப்ரலில் அங்கேயே மாற்றப்பட்டன. ஆகவே, ஒரு கிட்ஹப் கணக்கு இருந்தால் மொழியின் உருவாக்கத்தில் பங்கேற்பதற்கான வாசல் திறந்தே இருக்கிறது. ஆனால் எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது என்று தெரியாமல் பலர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்காக எழுதப்பட்டது. வாசகருக்குப் பைத்தானில் சிறிய நிரல்கள் எழுதவும், கிட் கருவியில் கிளை பிரித்து கமிட் செய்யவும் தெரியும் என்று கொள்கிறேன். சி மொழி தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் செய்வதற்கு ஏராளமான பணிகள் உள்ளன.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்தத் திட்டத்தில் தட்டுப்பாடாக இருப்பது நிரல் அன்று. அனுப்பப்படும் நிரலைப் படித்துப் பார்த்து ஏற்கவோ மறுக்கவோ வல்லவர்களின் நேரம். திறந்த நிலையிலுள்ள வழுப்பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும், திருத்தங்களைக் களஞ்சியத்தில் சேர்க்கும் உரிமை பெற்ற மூல உருவாக்குநர்களில் (கோர் டெவலப்பர்கள்) மிகப் பலர் ஓய்வு நேரத்தில் உழைப்பவர்கள். பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை 2001இலேயே நிறுவப்பட்டிருந்தாலும், இப்பணிக்கென்று முழுநேர ஊதியத்தில் ஒருவரை முதன்முதலாக அமர்த்தியது 2021இல்தான். ஆகவே, மூல உருவாக்குநரின் ஒரு மணி நேரத்தைச் சேமித்துத் தரும் எந்தச் செயலும் நல்ல பங்களிப்பு; அவருடைய ஒரு மணி நேரத்தை வீணாக்கும் செயல், எவ்வளவு நிரல் அதில் இருந்தாலும், பங்களிப்பு ஆகாது. கீழே உள்ள படிகளின் வரிசை இந்த அளவுகோலின்படி அமைந்தது.

யார் முடிவு செய்கிறார்கள்

கீடோ வான் ராஸம் 1989 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் எழுதத் தொடங்கி 1991 பிப்ரவரியில் வெளியிட்ட இந்த மொழிக்கு நெடுங்காலம் அவரே இறுதி நடுவராக இருந்தார். ஒரு கோவைக்குள்ளேயே (எக்ஸ்பிரஷன்) மாறிக்கு மதிப்பளிக்கும் புதிய குறியீடு ஒன்றைச் சேர்ப்பது பற்றிய கடும் விவாதத்துக்குப் பிறகு, 2018 ஜூலையில் அவர் அப்பொறுப்பிலிருந்து விலகினார். 2019 முதல் மூல உருவாக்குநர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் கொண்ட வழிநடத்துக் குழு பெரிய முடிவுகளை எடுக்கிறது. ஆயினும், அன்றாடத் திருத்தங்கள் எவையும் அக்குழுவிடம் போவதில்லை. அந்தந்தப் பகுதியை அறிந்த மூல உருவாக்குநர் ஒருவர் ஒப்பினால் போதும். எந்தப் பகுதிக்கு யார் வல்லுநர் என்ற பட்டியல் உருவாக்குநர் கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேட்டை ஒருமுறையேனும் படித்துவிட்டுத் தொடங்குங்கள். அதில் எழுதப்பட்டிருக்கும் கேள்வியைப் பிறரிடம் கேட்பது அவர்களுடைய நேரத்தை எடுத்துக்கொள்வதாகும்.

முதல் படி: மூலநிரலிலிருந்து பைத்தானை உருவாக்கிப் பாருங்கள்

சிபைத்தான் களஞ்சியத்தை உங்கள் கணக்கில் ஃபோர்க் செய்து, அதனைக் கணினியில் குளோன் செய்துகொள்ளுங்கள். மூலக் களஞ்சியத்தை ‘அப்ஸ்ட்ரீம்’ என்ற பெயரில் இன்னொரு ரிமோட்டாகச் சேர்த்துக்கொண்டால், அன்றாடம் சேரும் மாற்றங்களை எளிதாக இறக்கிக்கொள்ளலாம். லினக்ஸிலும் மேக்கிலும் கான்ஃபிகர் கட்டளையை ‘வித் பைடிபக்’ என்ற விருப்பத்துடன் இயக்கி, பிறகு மேக் கட்டளையை இயக்கினால் போதும். விண்டோஸில் பிசிபில்ட் அடைவிலுள்ள பில்ட் கோப்பை இயக்க வேண்டும். டிபக் விருப்பத்தைத் தவறவிடாதீர்கள். அது, பைத்தான் நிரல்களை இயக்கும் இன்டர்பிரட்டரின் உள்ளே எழுதப்பட்டிருக்கும் சரிபார்ப்புகளை இயங்கச் செய்கிறது. சாதாரண உருவாக்கத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும் நினைவகப் பிழைகள் பல அப்போதுதான் வெளிப்படும்.

உருவாக்கம் முடியும்போது, கிடைக்காத நூலகங்களால் எந்தெந்த மாட்யூல்கள் விடுபட்டன என்ற பட்டியல் திரையில் வரும். ஓபன்எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட், இசட்லிப் போன்றவற்றின் டெவலப்மென்ட் பொதிகள் இல்லாமையே பெரும்பாலும் காரணம். உங்கள் பணிக்கு அவை தேவையில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். மேக்கில் உருவாகும் கோப்பின் பெயர் விண்டோஸ் நிரலைப் போல எக்ஸ்இ என்று முடிவதைக் கண்டு திகைக்க வேண்டாம். களஞ்சியத்தில் பைத்தான் என்ற பெயரிலேயே ஓர் அடைவு இருப்பதாலும், மேக்கின் கோப்பமைப்பு பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைக் கருதாததாலும், பெயர் மோதலைத் தவிர்க்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

அடுத்து, நீங்கள் உருவாக்கிய பைத்தானைக் கொண்டே சோதனைத் தொகுப்பை இயக்குங்கள். டெஸ்ட் மாட்யூலை ‘ஜே 0’ என்ற விருப்பத்துடன் அழைத்தால் கணினியின் எல்லா மையங்களும் பயன்படும். ஒரே ஒரு பகுதியைச் சோதிக்க விரும்பினால், அந்தச் சோதனைக் கோப்பின் பெயரை மட்டும் சேர்த்தால் போதும். எதையும் மாற்றுவதற்கு முன்பே ஏதேனும் சோதனை தோற்றால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் திருத்தத்தால் தோற்றதா, முன்பே தோற்றுக்கொண்டிருந்ததா என்ற ஐயம் பின்னால் எழாது.

அடைவுகளின் அமைப்பையும் அறிந்துகொள்ளுங்கள். பைத்தானிலேயே எழுதப்பட்ட நூலகம் லிப் அடைவில் இருக்கிறது. அதற்குள் டெஸ்ட் அடைவில் சோதனைகள் இருக்கின்றன. சி மொழியில் எழுதப்பட்ட மாட்யூல்கள் மாட்யூல்ஸ் அடைவிலும், சரம், பட்டியல், அகராதி போன்ற அடிப்படை வகைகள் ஆப்ஜெக்ட்ஸ் அடைவிலும், கம்பைலரும் பைட்கோடை இயக்கும் பகுதியும் பைத்தான் அடைவிலும், ஆவணங்கள் டாக் அடைவிலும் உள்ளன. புதியவர்களுக்கு லிப், டாக் ஆகிய இரண்டுமே போதிய களம்.

இரண்டாம் படி: ஒரு வழுவை முழுமையாகப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன், ஏனெனில் பெரும்பாலான பங்களிப்புகளின் தரம் இங்கேயே தீர்மானமாகிறது. தமிழில் நிரல் எழுதுவோர் அன்றாடம் மோதும் ஒரு சிக்கலையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

சரங்களில் குறிப்பிட்ட வடிவங்களைத் தேட உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷன்களுக்கான ஆர்இ மாட்யூலில், பின்சாய்கோடும் சின்ன டபிள்யூவும் சேர்ந்த குறியீடு சொல்லில் வரக்கூடிய எழுத்தைக் குறிக்கிறது. அதன் பின்னே கூட்டல் குறியை இட்டு, ‘தமிழ்’ என்ற சரத்தில் ஃபைண்ட்ஆல் மூலம் சொற்களைத் தேடினால், ஒரு சொல் கிடைக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். கிடைப்பவையோ ‘தம’, ‘ழ’ என்ற இரண்டு துண்டுகள். 3.13 பதிப்பிலும் இதே நிலைதான். காரணம் இதுதான்: யூனிகோடில் இந்தச் சொல் ஐந்து குறியெண்களால் ஆனது: த, ம, இகரத் துணைக்குறி, ழ, புள்ளி. இவற்றுள் துணைக்குறியும் புள்ளியும் ‘எழுத்து’ என்ற வகையில் அல்லாமல் ‘குறி’ என்ற வகையில் வைக்கப்பட்டுள்ளன. ஆர்இ மாட்யூலோ எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே சொல்லின் பகுதியாக ஏற்கிறது. இதே காரணத்தால் ‘தமிழ்’ என்ற சரத்தின் மீது இஸ்ஆல்ஃபா முறையை அழைத்தால் பொய் என்று விடை வருகிறது. ஆனால் இஸ்ஐடென்டிஃபையர் முறையை அழைத்தால் மெய் என்று வருகிறது. பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழில் பெயரிடலாம் அல்லவா.

இதைக் கண்டதும் புதிய வழுப்பதிவு ஒன்றைத் திறக்கக் கை பரபரக்கும். அங்கேதான் பொறுமை வேண்டும். பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தால், உரோமன் அல்லாத எழுத்துமுறைகளுக்கு இந்தக் குறியீடு பயன்படவில்லை என்ற முறையீடு 2007இலேயே பதிவாகியிருப்பதும், யூனிகோடின் பரிந்துரையை இது மீறுகிறது என்ற இன்னொரு பதிவு 2011இல் வந்திருப்பதும் தெரியும். அந்த உரையாடல்களைப் படிப்பவருக்கு, ஆர்வமின்மையால் மட்டுமே சிக்கல் இத்தனை காலம் தீராமல் இருக்கவில்லை என்பது புலப்படும். குறியீட்டின் பொருளை மாற்றினால், இன்றுள்ள நடத்தையை நம்பி உலகெங்கும் எழுதப்பட்ட நிரல்கள் அறிவிப்பின்றி வேறு விடை தரத் தொடங்கும். 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3க்கு மாறுவதற்கு உலகம் எடுத்துக்கொண்ட காலத்தையும், 2020இன் தொடக்கம் வரை பைத்தான் 2ஐக் கட்டிக் காக்க நேர்ந்ததையும் அனுபவித்த சமூகம் இது. நடத்தை மாற்றங்களில் அது காட்டும் தயக்கத்துக்கு நியாயம் உண்டு. இடைக்காலத்துக்கு, ரீஜெக்ஸ் என்ற வெளிப்புறப் பொதி இந்தச் சொல்லைச் சரியாகவே கையாளுகிறது.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது எது? அந்த உரையாடலில் தமிழ் எழுத்துமுறைக்குரிய சிறிய, தெளிவான எடுத்துக்காட்டு இல்லையென்றால் அதைச் சேர்க்கலாம். ஆவணத்தில் குறிகள் சேராது என்பது வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை என்றால், அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்க்கும் திருத்தத்தை அனுப்பலாம். மாற்று வழிகள் ஒவ்வொன்றும் எந்த நிரல்களைப் பாதிக்கும் என்று ஆராய்ந்து எழுதலாம். இவை மூன்றும் சிக்கலை நகர்த்தும் பணிகள். “இது எங்களுக்கும் வேண்டும்” என்ற ஒற்றை வரிப் பின்னூட்டம் எதையும் நகர்த்தாது.

புதிய வழுவைப் பதிய நேர்ந்தால், பதிவில் நான்கு செய்திகள் இருக்க வேண்டும்: வழுவை மீண்டும் உண்டாக்கும் மிகச் சிறிய நிரல், நீங்கள் எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை, பைத்தான் பதிப்பும் இயங்குதளமும். ‘மிகச் சிறிய’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். வெளிப்புறப் பொதிகளை எல்லாம் நீக்கிய பிறகும் வழு நிற்கிறதா என்று பார்ப்பது பதிபவரின் கடமை. அப்படிச் சுருக்கும்போது தவறு மொழியில் இல்லை என்று தெரிந்துவிடுவதும் உண்டு. பாதுகாப்புக் குறையாகத் தோன்றும் எதையும் பொதுவில் பதியக் கூடாது. அதற்கென உள்ள பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டும்.

மூன்றாம் படி: பிறருடைய பணிக்குத் துணை செய்யுங்கள்

தம் பெயரில் ஒரு திருத்தம் சேர வேண்டும் என்ற ஆசை இயல்பானது. ஆனால் முதல் சில வாரங்களுக்குப் பிறருடைய வழுப்பதிவுகளையும் புல் ரிக்வெஸ்ட்டுகளையும் (திருத்தத்தைச் சேர்க்கும்படி கிட்ஹப்பில் அனுப்பும் கோரிக்கைகள்) சோதித்துப் பார்ப்பதே திட்டத்துக்கும் உங்களுக்கும் மிகுந்த பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. பழைய பதிவு ஒன்றை எடுத்து, இன்றைய மெயின் கிளையில் அந்த வழு இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, எந்த இயங்குதளத்தில் சோதித்தீர்கள் என்பதோடு விடையை எழுதுங்கள். ஏற்கெனவே சரியாகிவிட்ட வழு என்றால், அனுமதி உள்ளவர்கள் பதிவை மூடிவிடலாம். அதுவே ஒரு சுமைக் குறைப்பு. புல் ரிக்வெஸ்ட் ஒன்றை உங்கள் கணினியில் இறக்கி உருவாக்கி, திருத்தம் இல்லாமல் சோதனை தோற்பதையும் திருத்தத்துடன் வெல்வதையும் இரண்டு பக்கமும் உறுதிசெய்து எழுதினால், அதைப் பார்க்கப்போகும் மூல உருவாக்குநரின் வேலையில் ஒரு பகுதி முடிந்துவிடும். “நன்றாக இருக்கிறது” என்று மட்டும் எழுதி ஒப்புதல் குறி இடுவதைத் தவிருங்கள்.

நான்காம் படி: ஆவணங்கள்

ஆவணங்கள் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற வடிவில் எழுதப்பட்டு, ஸ்ஃபிங்ஸ் கருவியால் வலைப்பக்கங்களாக்கப்படுகின்றன. சிறிய திருத்தங்களைக் கிட்ஹப் தளத்திலேயே செய்துவிடலாம். பெரியவற்றுக்கு டாக் அடைவில் ஹெச்டிஎம்எல் உருவாக்கிப் பார்ப்பது நல்லது. ஒரு செயற்கூறு எப்போது பிழை எழுப்பும், வெற்றுச் சரம் கொடுத்தால் என்ன திருப்பும் என்பன போன்ற விடுபட்ட செய்திகளைச் சேர்ப்பதே உயர்ந்த ஆவணப் பணி. ஆங்கில நடையை மட்டும் மெருகேற்றும் திருத்தங்களையும், நிரலின் இடைவெளிகளைச் சீர்செய்யும் அலங்காரத் திருத்தங்களையும் பொதுவாக ஏற்பதில்லை.

ஐந்தாம் படி: முதல் திருத்தத்தை எழுதுதல்

‘ஈஸி’ என்ற அடையாளம் இட்ட பதிவுகளிலிருந்து தொடங்கலாம். பதிவை முழுமையாகப் படித்து, வேறு யாரும் அதில் ஈடுபட்டிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு, உங்கள் உத்தேசத்தை ஓரிரு வரிகளில் எழுதுங்கள். மெயின் கிளையிலிருந்து புதிய கிளை பிரித்து, முதலில் சோதனையை எழுதுங்கள். அது தோற்பதைக் கண்ட பிறகே திருத்தத்தில் கைவையுங்கள். பழைய பதிப்புகளுக்கும் பொருந்தும் திருத்தமாக இருந்தாலும் மெயின் கிளையை நோக்கியே அனுப்ப வேண்டும்.

சி நிரலில் இறங்குபவர்கள் ஒரு பொறியை அறிந்திருக்க வேண்டும். களஞ்சியத்திலுள்ள பல கோப்புகள் கையால் எழுதப்பட்டவை அல்ல. நிரலின் இலக்கண அமைப்பைப் பிரித்தறியும் பகுதியான, 3.9 பதிப்பில் அறிமுகமான புதிய பார்சரின் சி நிரல், கிராமர் அடைவிலுள்ள இலக்கணக் கோப்பிலிருந்து உண்டாக்கப்படுகிறது. பைட்கோடை இயக்கும் நிரலின் பெரும்பகுதியும், யூனிகோடு வகை அட்டவணைகளும் அவ்வாறே. உண்டாக்கப்பட்ட கோப்பை நேரடியாகத் திருத்தினால் அடுத்த முறை அக்கோப்பு உண்டாக்கப்படும்போது அத்திருத்தம் அழிந்துவிடும். கோப்பின் தலைப்பகுதியிலுள்ள குறிப்பைப் படித்து, மூலக் கோப்பைத் திருத்தி, அதற்குரிய மேக் இலக்கை (பெரும்பாலானவற்றுக்கு ‘ரீஜென் ஆல்’) இயக்குங்கள். சி திருத்தம் என்றால், நினைவகக் கசிவு உண்டா என்று ஒரே சோதனையைப் பலமுறை ஓட்டிப் பார்க்கும் விருப்பமும் டெஸ்ட் மாட்யூலில் இருக்கிறது.

பயனருக்குத் தெரியும் மாற்றம் எதற்கும் செய்திக் குறிப்பு ஒன்று தேவை. பிளர்ப் என்ற கருவி அதற்கான கோப்பை மிஸ்க் அடைவின் உள்ளே உரிய இடத்தில் உருவாக்கித் தரும். மாற்றத்தால் பயனருக்கு என்ன வேறுபாடு என்பதை ஓரிரு வாக்கியங்களில் எழுதுங்கள். எப்படிச் செய்தீர்கள் என்பது அங்கே வேண்டியதில்லை. முதன்முறை பங்களிப்பவர் அதே அடைவிலுள்ள நன்றிப் பட்டியலில் அகரவரிசைப்படி தம் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

புல் ரிக்வெஸ்ட்டின் தலைப்பு, கிட்ஹப்பைக் குறிக்கும் ஜிஹெச் என்ற இரண்டு எழுத்துகளும் பதிவெண்ணும் கொண்டு தொடங்க வேண்டும். அதைத் திறந்ததும், பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்படி ஒரு பாட் (தானியங்கி நிரல்) கேட்கும். நிரலின் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும்; அதைப் பைத்தானின் பகுதியாக வெளியிடும் உரிமையை அறக்கட்டளைக்குத் தருகிறீர்கள். வேலை செய்யும் நிறுவனத்துடன் உங்களுக்குள்ள ஒப்பந்தம் இதற்கு இடம் தருகிறதா என்று முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு எழுதிய திருத்தங்கள் பற்றி ஒரு சொல். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு வரியையும் உங்களால் விளக்க முடிய வேண்டும். விளக்க முடியாத நிரலை அனுப்பினால், அதைச் சரிபார்க்கும் உழைப்பு முழுவதும் மறுபக்கம் இருப்பவர் தலையில் விழுகிறது.

ஆறாம் படி: மறுஆய்வு

தானியங்கிச் சோதனைகள் பல இயங்குதளங்களில் ஓடி முடியும். அதன் பிறகு காத்திருப்பு. சில நாள்களில் பதில் வரலாம், சில மாதங்களும் ஆகலாம். ஒரு மாதம் கடந்தும் எந்த அசைவும் இல்லையென்றால், அந்தப் பகுதியின் வல்லுநரைக் குறிப்பிட்டுப் பணிவாக நினைவூட்டலாம். மாற்றங்கள் கோரப்பட்டால், அவற்றைப் புதிய கமிட்டுகளாகச் சேருங்கள். பழைய கமிட்டுகளை மாற்றி எழுதி வலிந்து புஷ் செய்தால், முன்பு படித்தவர் எது புதிது என்று அறிய முடியாமல் போகும். சேர்க்கும் நேரத்தில் எல்லாம் ஒரே கமிட்டாக்கப்படுவதால் வரலாறு அழகாக இல்லையே என்ற கவலை தேவையில்லை.

கோரிக்கையுடன் உடன்பாடு இல்லையென்றால் காரணத்தைச் சொல்லுங்கள். நிராகரிக்கப்படும் திருத்தங்களும் உண்டு. அந்த உரையாடல் பதிவில் நிலைத்திருப்பதால், அடுத்து அதே யோசனையுடன் வருபவருக்கு அது வழிகாட்டும். திருத்தம் ஏற்கப்பட்டால், பராமரிப்பிலுள்ள பழைய பதிப்புகளின் கிளைகளுக்கும் அதை ஒரு பாட் நகலெடுத்து அனுப்பும். நிரல்கள் மோதினால் மட்டும், செர்ரி பிக்கர் என்ற கருவியைக் கொண்டு நீங்கள் கையால் செய்ய வேண்டியிருக்கும்.

புதிய வசதிகள்

மொழியின் இலக்கணத்திலோ அடிப்படை நடத்தையிலோ மாற்றம் வேண்டுவோருக்குப் பாதை வேறு. முதலில் யோசனையைப் பொது உரையாடலில் முன்வைத்து ஆதரவைப் பார்க்க வேண்டும். பிறகு பெப் எனப்படும் முறையான முன்மொழிவை எழுத வேண்டும். எழுதுபவர் மூல உருவாக்குநர் அல்லர் என்றால், அவர்களுள் ஒருவர் பொறுப்பேற்றுத் துணை நிற்க வேண்டும். வழிநடத்துக் குழுவோ அது நியமிப்பவரோ முடிவு சொல்வார். இருக்கும் வசதி ஒன்றை நீக்குவதானால், குறைந்தது இரண்டு வெளியீடுகளுக்கு எச்சரிக்கை தந்த பிறகே நீக்கலாம். இந்தப் பாதையில் முதல் பங்களிப்பைத் தொடங்க வேண்டாம் என்பதே என் அறிவுரை.

காலமும் பொறுப்பும்

தொடர்ந்து நல்ல பணி செய்பவர்களை மூல உருவாக்குநர்கள் கவனிக்கிறார்கள். வழுப்பதிவுகளை வகைப்படுத்தும் குழுவில் சேர்க்கப்படுவது முதல் பொறுப்பு; அதில் அடையாளங்கள் இடவும் பதிவுகளை மூடவும் அனுமதி கிடைக்கிறது. மூல உருவாக்குநராக உயர்வதற்கு, இருப்பவர்களுள் ஒருவர் முன்மொழிந்து, வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும்.

3.9 பதிப்பு முதல் ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பு அக்டோபரில் வெளியாகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகள் ஆதரவு உண்டு. மே மாதத்தில் முதலாவது பீட்டா (இறுதி வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வந்ததும் புதிய வசதிகளுக்கான கதவு அடைக்கப்படும். எனவே வசதி சார்ந்த திருத்தத்தை, மறுஆய்வுக்குப் போதிய காலம் இருக்கும்படி, குளிர்கால மாதங்களிலேயே அனுப்பிவிடுவது நல்லது. வழுத் திருத்தங்களையும் ஆவணங்களையும் ஆண்டு முழுவதும் அனுப்பலாம். மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், உங்கள் சொந்த நிரல்களைப் பீட்டா பதிப்பில் ஓட்டிப் பார்த்து, உடைபவற்றை உடனே பதியுங்கள். இறுதி வெளியீட்டுக்கு முன் வரும் அத்தகைய ஒரு பதிவு, வெளியீட்டுக்குப் பின் வரும் பல பதிவுகளைத் தடுத்துவிடும்.